நுணுக்குக்காட்டியை மூடச் சொல்வோருக்கு

உள்நாட்டிலே வேரூன்றி நின்ற மலேரியாக் காய்ச்சலின் கடைசி நோயாளி 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இனங்காணப்பட்டார். 2016 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனப் பிரகடனஞ் செய்தது. அன்று தொட்டு ஒரு வினா பல வாய்களிலே உலவி வருகின்றது. இல்லாத நோய்க்கு எதற்கு ஓர் இயக்கம்? நோயாளியே இல்லாத நாட்டிலே காய்ச்சற்காரரின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிலே தேய்த்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நாள் முழுவதும் பார்த்துக் கொண்டிருப்பவருக்கு எதற்குச் சம்பளம்? 2022 ஏப்ரிலில் நாடு பட்ட கடனைக் கட்ட வழியின்றிக் கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனும் அதனோடு நிபந்தனைகளும் வந்து சேர்ந்தன. அதன் பின்னர் இவ்வினாவுக்குப் பொருளாதார ஞானம் என்ற மதிப்பும் கிடைத்துவிட்டது. நல்லெண்ணம் படைத்த ஆசிரியர்களும் மாணவர்களுங்கூட இதனைக் கேட்கத் தொடங்கியிருப்பதனாலேயே நாம் இங்கு பதில் சொல்ல முற்படுகின்றோம்.

பதில் நம்முடைய சரித்திரத்திலேயே இருக்கின்றது. இதே வினா இந்நாட்டிலே முன்னரும் ஒரு முறை எழுந்தது. அப்பொழுது கிடைத்த விடை ஐந்து இலட்சம் நோயாளர்.

முதலில் 1934 ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாக வெள்ளம் புரண்டோடும் தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் வற்றி, மணற்படுக்கைகளிலே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. தெளிந்த நீரும் வெயிலும் உள்ள அத்தகைய குட்டைகளையே அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு நாடி முட்டையிடுகின்றது. வரண்ட பிரதேசத்து மக்களுக்குப் பிள்ளைப் பருவந் தொட்டே இக்காய்ச்சலோடு பழக்கமுண்டு; அதனால் ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் உண்டு. கேகாலை, குருநாகல் பகுதிகளின் ஈரவலய மக்களுக்கு அதுவுமில்லை. உலகப் பொருளாதார மந்தத்தினால் வேலையிழந்து, அரைவயிற்றுக்கும் வழியற்றுக் கிடந்தவர்கள் மீது நோய் பாய்ந்தது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குட் சென்று கொயினாவும் பருப்பும் பகிர்ந்ததையும், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளரிடையே தொண்டாற்றியதையும், என். எம். பெரேரா 1936 இல் றுவான்வெலத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டதையும் நம் பக்கத்திலே எழுதுவோர் எத்தனையோ தடவை எழுதியிருக்கின்றனர். எழுத வேண்டியவைதாம். பசியும் நோயும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பதை இந்நாட்டு இடதுசாரிகள் ஏட்டிலிருந்து கற்கவில்லை, கேகாலைக் குடிசைகளிலிருந்தே கற்றனர். ஆயினும் நாம் சொல்லும் அக்கதையிலே ஒரு குறை உண்டு. தொண்டர் இருக்கின்றார், வைத்தியர் இருக்கின்றார், கல்நெஞ்சுடைய அதிகாரியும் இருக்கின்றார், ஆய்வுகூடத்தான் இல்லை. எந்த நுளம்பு குற்றவாளி என்று தெரிந்திருந்ததே, அது எப்படித் தெரிந்தது? 1920களிலே பூச்சியியலாளர் எச். எவ். காட்டரும் அவருடைய உதவியாளரும் ஊரூராகச் சென்று நுளம்புகளைப் பிடித்து, ஊசிமுனையாற் கீறி, வயிற்றிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஒட்டுண்ணியைத் தேடினார்கள். பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கின்றதா என்று பார்த்து எண்ணினார்கள். வீங்கிய மண்ணீரலின் விகிதத்தைக் கொண்டே நாட்டின் மலேரியாப் படம் வரையப்பட்டது. ஆசிரியத் தோழர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்: இந்நாட்டின் முதலாவது மலேரியா ஆராய்ச்சிக் களங்களுள் ஒன்று பள்ளிக்கூடத்து விறாந்தையே. குடியேற்ற ஆட்சி அந்த அறிவைக் கையில் வைத்திருந்தும், அது சுட்டிய காரியத்தைப் போதிய அளவிற் செய்யவில்லை. அறிவு இருந்தது, அதற்கு நிதியும் அதிகாரமும் இருக்கவில்லை. இது ஒரு முறைமட்டும் நிகழ்ந்த சங்கதியன்று.

1945 இன் பின்னர் டி. டி. ரி. வந்தது. வீட்டுச் சுவர்களிலே அது தெளிக்கப்பட்டது. 1946 இல் நாடு முழுவதிலும் 27 இலட்சத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவாயிருந்தனர். அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த மரண விகிதம் மறுவருடமே 14 என்றாயிற்று. உலகமே இதனைக் கண்டு வியந்தது. வியப்பிலே ஓர் அவசரமும் கலந்திருந்தது. மரண விகிதத்தின் வீழ்ச்சி முழுவதையும் ஒரு வெள்ளைத் தூளின் கணக்கிலே எழுதிவிட்டார்கள். மலேரியா அதிகமில்லாத மாவட்டங்களிலும் மரணங் குறைந்ததே, வைத்தியசாலைகள் பெருகியதற்கும் பங்கீட்டு உணவுக்கும் இதிலே பங்கில்லையா என்று எஸ். ஏ. மீகம போன்ற இந்நாட்டு ஆய்வாளர் பின்னர் கேள்வி எழுப்பினர். அந்த விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. நஞ்சின் பங்கை நாம் மறுக்கவில்லை. நஞ்சு மட்டுமே வென்றது என்ற கதையினாற் பயனடைவோர் யார் என்பதையே கேட்கின்றோம். நஞ்சை விற்கலாம், விலைக்கு வாங்கலாம், நன்கொடை என்று சொல்லிக் கப்பலில் ஏற்றலாம். வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் இருந்து இரத்தப் படலம் பார்க்கும் பயிற்சி பெற்ற கண்களை அப்படி ஏற்றி இறக்க முடியாது.

1958 இல் நோயை ஒழித்தே விடுவதென்ற திட்டம் தொடங்கிற்று. 1963 இல் நாடு முழுவதிலும் இனங்காணப்பட்ட நோயாளர் 17 பேர். அவர்களிலும் பலர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்கள். வெற்றி கைக்கெட்டிவிட்டது எனக் கருதி, 1964 அளவிலே தெளிப்பு நிறுத்தப்பட்டது. தெளிப்பை நிறுத்தியது தவறன்று. திட்டமே அப்படித்தான் வகுக்கப்பட்டிருந்தது. தெளிப்பு நின்ற இடத்திலே விழிப்பு நின்றிருக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் உயிர்நிலை. காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் இரத்தமும் எடுக்கப்பட வேண்டும். எடுத்த இரத்தம் தாமதமின்றிப் பார்க்கப்பட வேண்டும். விழிப்புத்தான் தளர்ந்தது. நோயில்லாத நாட்டிலே இதற்கெதற்குப் பணம் என்ற மனப்பான்மை மேலேயிருந்து கீழே வரை பரவிற்று. இரத்தப் படலங்கள் காத்துக் கிடந்தன. எலஹெரப் பகுதியில் மாணிக்கக்கல் தேடி வந்தவர்கள் காட்டுக்குள்ளே குழி தோண்டி, அக்குழிகளின் அருகிலேயே படுத்துறங்கினார்கள். கல் அகழ்ந்த குழியில் நீர் தேங்கிற்று. நீரிலே நுளம்பு பெருகிற்று. நுளம்புக்கு மனிதர் பக்கத்திலேயே கிடைத்தனர். அவர்களிற் பலர் அனுமதியின்றி அகழ்ந்தவர்கள் ஆதலால் அரசாங்க உத்தியோகத்தரைக் கண்டால் ஒளிப்பார்கள். காய்ச்சலோடு தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள். சேனைப் பயிர்ச்செய்கையாளர் வழியாகவும் நோய் நடந்தது. 1967 இலும் 1968 இலும் மழையும் குறைந்தது. 1969 இல் நோயாளர் தொகை 5,37,000 ஐத் தாண்டிற்று.

பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்கு வர ஆறே வருடங்கள்!

இவ்விடத்திலே ஒரு பொய்யை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கின்றது. அமெரிக்காவிலே பெருந்தொழில் நிறுவனங்களுக்குச் சார்பான சில எழுத்தாளர் இலங்கையின் இந்த அவலத்தை எடுத்து, அதனை றேச்சல் காசன் என்ற விஞ்ஞானியின் தலையிலே கட்டினர். 1962 இல் அவர் பூச்சிகொல்லிகளின் தீங்கைப் பற்றி ஒரு நூல் எழுதினாராம்; அதைக் கண்டு பயந்த இலங்கை டி. டி. ரி. யைக் கைவிட்டதாம், அதனால் இலட்சக் கணக்கானோர் நோயுற்றனராம். பாட்டாளியையும் விவசாயியையும் பற்றி வாழ்நாளிலே ஒரு தடவையேனும் கவலைப்பட்டறியாதவர்களுக்கு எலஹெரக் குழியிலே கிடந்த கூலியாள் மீது திடீரென்று பிறந்த இந்தக் கருணையை என்னென்பது! உண்மை என்ன? இந்நாட்டிலே தெளிப்பு நின்றது நூலினாலன்று. 17 என்ற இலக்கத்தினால். அமெரிக்கா தன் நாட்டிலே டி. டி. ரி. யைத் தடை செய்ததே 1972 இல். நம் நாட்டுப் பெருந்தொற்று அதற்கு மூன்று வருடங்கள் முந்தியது. நோய் மீண்டபோது இலங்கை அதே டி. டி. ரி. யை மீண்டும் தெளிக்கத்தான் செய்தது. அடுத்த எட்டு வருடங்கள் தெளித்தது. அப்படித் தெளித்தும் 1975 இல் நோயாளர் நான்கு இலட்சம். ஏன்? நுளம்பு அந்நஞ்சுக்குப் பழகிவிட்டது. பூச்சிகள் நஞ்சுக்குப் பழகிவிடும் என்பது காசன் தம் நூலிலே விடுத்த எச்சரிக்கைகளுள் ஒன்று. பொய்யர்கள் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்களோ, அவர் சொன்னதே நடந்தது.

நஞ்சுக்கு நுளம்பு பழகிவிட்டது என்று எப்படி அறிவது? ஊரிலே கேட்டால், மருந்திலே கலப்படம் என்பார்கள். தெளிக்க வந்தவன் பாதியை விற்றுவிட்டான் என்பார்கள். இரண்டும் சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆய்வுகூடம் ஊகத்தோடு நிற்பதில்லை. நூற்றுக்கு நான்கு பங்கு டி. டி. ரி. ஊட்டிய கடதாசியை ஒரு குழாயின் உட்புறத்திலே சுற்றி வைத்து, இருபது இருபத்தைந்து நுளம்புகளை அதற்குள் விடுவார்கள். ஒரு மணித்தியாலம் கழிந்ததும் நஞ்சில்லாத வேறு குழாய்க்கு மாற்றி, சீனித் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து, 24 மணித்தியாலங்களின் பின் செத்தவற்றை எண்ணுவார்கள். பக்கத்திலே நஞ்சில்லாத வெறுங் கடதாசிக் குழாயிலும் அவ்வாறே நுளம்புகள் இருக்கும். அங்கே செத்தவை ஒப்புநோக்குக்கு. நூற்றுக்கு 98 சாகுமாயின் நஞ்சு வேலை செய்கின்றது. 90 க்குக் குறைந்தால் நுளம்பு வென்றுவிட்டது. இவ்வளவுதான். விலையுயர்ந்த யந்திரம் ஏதும் இதற்கு வேண்டியதில்லை. விடிவதற்கு முன் மாட்டுத் தொழுவத்திலே நுளம்பு பிடிக்கப் போக ஓர் ஆள் வேண்டும். எண்ணுவதில் பொய் சொல்லாத ஓர் ஆள் வேண்டும். அந்த எண்ணிக்கைக்குச் செவிசாய்க்க ஓர் அரசாங்கம் வேண்டும். 1977 இல் டி. டி. ரி. யை விட்டு மலத்தியனுக்கு மாறியது இத்தகைய எண்ணிக்கைகளின் பேரிலேதான். நஞ்சை விற்கும் கம்பெனி இந்தக் கணக்கை எடுத்துத் தரும் என்று எதிர்பார்ப்பது, வட்டிக்காரனிடமே வரவுசெலவுப் புத்தகத்தைக் கொடுத்து வைப்பதற்கு ஒப்பாகும். பொதுப் பணத்தில் இயங்கும் ஆய்வுகூடம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் நமக்குத் தோன்றவில்லை.

போர்க்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேரியாவின் சுமை அக்காலத்தில் வடக்குக் கிழக்கு மாவட்டங்களையே பெரிதும் அழுத்திற்று. 1999 இல் நாட்டின் நோயாளர் தொகை 2,60,000 க்கு மேல். 2008 இல், போர் இன்னும் முடியாத நிலையிலேயே, அது ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த வீழ்ச்சியைப் பலர் சமாதானத்தின் பரிசு என்று தவறாகக் கருதுகின்றனர். பெரும் பகுதி சமாதானத்துக்கு முன்னரே நிகழ்ந்தது. நடமாடும் குழுக்கள் இரத்தம் எடுத்தன. நுளம்பு வலைகள் கொடுக்கப்பட்டன. எந்த நஞ்சு எந்த மாவட்டத்தில் வேலை செய்கின்றது என்று பார்த்து மாற்றி மாற்றித் தெளிக்கப்பட்டது. இரு தரப்புப் படையினரையும் நுளம்பு பேதமின்றிக் கடித்தமையால், சோதனைச் சாவடிக்கு அப்பாலும் இப்பாலும் இந்த வேலைக்கு மட்டும் ஓரளவு வழிவிடப்பட்டது. 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே வருடமொன்றுக்குப் பத்து இலட்சம் அளவிலான இரத்தப் படலங்கள் இந்நாட்டிலே பார்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் விரல்நுனி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வில்லைக்குக் கீழே நூறு புலங்களை நகர்த்திப் பார்த்த ஒரு கண். மிகப் பெரும்பான்மையானவற்றில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதுவதே அந்த வேலை. ஒன்றுமில்லாததைப் பார்க்கச் சம்பளமா என்று கேட்போருக்கு, கலங்கரை விளக்கத்தை என்ன சொல்வீர்கள் என்றே நாம் திருப்பிக் கேட்போம்.

இனி இன்றைய நிலை. வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு திரும்புவோர் வருடந்தோறும் இருக்கின்றனர்: ஆபிரிக்க நாடுகளுக்கும் மடகஸ்காருக்கும் மாணிக்க வியாபாரத்துக்குப் போனவர், அமைதிப் படையிற் சேவையாற்றியவர், இந்தியாவுக்குப் போய் வந்தவர், இங்கே வேலைக்கு வரும் இந்தியத் தொழிலாளர். 2018 டிசெம்பரில் மொனராகலையிலே, வெளியிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து நுளம்பு வழியாக உள்நாட்டவர் ஒருவருக்கு நோய் தொற்றிற்று. உடனே கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கு மேற் பரவவில்லை. பரவாததனால் அது செய்தியாகவும் ஆகவில்லை. இந்தியத் தொழிலாளி நோயைக் கொண்டுவந்தான் என்று இனவெறி பேசுவோருக்கு ஒன்று சொல்வோம்: ஒட்டுண்ணிக்குக் கடவுச்சீட்டு இல்லை, அவனுடைய இரத்தத்தை வந்த அன்றே பார்த்து மருந்து கொடுக்காதது அவன் குற்றமன்று.

இதற்கிடையில் மன்னார்த் தீவிலே வேறொன்று நிகழ்ந்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்த சில மாதங்களுக்குள்ளேயே, பூச்சியியற் குழுவினர் அங்குள்ள கிணறுகளிலே முன்பு இந்நாட்டிற் காணாத நுளம்பொன்றின் குடம்பிகளைக் கண்டனர். அது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. பழைய கியூலிசிபேசிஸ் ஆற்றுக் குட்டையை நாடும். இதற்கோ கிணறு போதும், சீமெந்துத் தொட்டி போதும், வீட்டுத் தண்ணீர்த் தாங்கி போதும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அதைத் தொடர்ந்து கிழக்குக் கரையிலும் அது காணப்பட்டது. இந்நுளம்பு என்ன செய்யக் கூடியது என்பதற்கு ஜிபூட்டி என்ற சின்னஞ்சிறு ஆபிரிக்க நாடு சாட்சி. 2012 இல் அங்கே அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் மலேரியா நோயாளர் 27 பேர். 2020 இல் 70,000 க்கு மேல்.

17 என்ற இலக்கம் நம் நினைவுக்கு வருகின்றதல்லவா?

நமது கிணறுகளிலே அக்குடம்பியைக் கண்டது வைத்தியசாலையன்று. நோயாளியே இல்லாதபோது வைத்தியசாலைக்கு என்ன தெரியும்? ஒன்றுமில்லாததைத் தேடிக்கொண்டிருந்தவர்களே கண்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆய்வாளரும் இத்துறையிலே உழைத்திருக்கின்றனர். அரசாங்கச் சேவையிலிருந்து பயிற்சி பெற்றோர் நாட்டைவிட்டு வெளியேறும் காலம் இது. வெளிநாட்டு உதவியை நம்பலாமென்றால், 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, அதே வருடத்தில் தன் வெளிநாட்டு உதவி முகவரகத்தையும் மூடிவிட்டது. பிறர் தரும் பணத்தில் நடக்கும் விழிப்பு, பிறர் நித்திரை கொள்ளும்போது தானும் நித்திரை கொள்ளும்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். நம்முடைய சிறுகதைகளிலே வைத்தியர் வருவார், தாதி வருவார், கூலியாள் வருவார். பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் வந்த கதை எத்தனை? அவரும் தொழிலாளியே; அவருடைய கண் அவருடைய கருவி; அது தேய்கின்றது. பொது ஆய்வுகூடங்களையும் நாம் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. அவற்றிலே மேலதிகாரி மனப்பான்மை உண்டு. கீழே உள்ளவன் கண்டதை மேலே உள்ளவன் பெயரிட்டு வெளியிடும் வழக்கம் விஞ்ஞான உலகெங்கும் உண்டு. அதனினும் பெரிய குறை மொழி. மன்னாரிலே கண்ட நுளம்பைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே, சர்வதேச சஞ்சிகைகளிலே வெளிவந்தன. யாருடைய கிணற்றிலே குடம்பி இருந்ததோ அந்தப் பேசாலைத் தாய்க்கு அது எட்டியதா? மக்கள் பணத்தால் மக்கள் கிணற்றிலிருந்து பெற்ற அறிவு, மக்கள் மொழியிலே அவர்களிடம் திரும்பாவிட்டால், நாளைக்கு நிதி வெட்டப்படும்போது அதனைக் காக்க மக்கள் ஏன் வரவேண்டும்? இந்த வேலையிலே ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடமுண்டு. அன்று மண்ணீரல் பார்க்கப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதோடு பள்ளிக்கூடத்தின் பங்கு முடிந்தது; இன்று அப்பிள்ளைகளுக்கே அனோபிலிஸ் குடம்பியை அடையாளங் காணக் கற்பிக்கலாம். மற்றைய நுளம்புகளின் குடம்பிகள் நீர்மட்டத்திலிருந்து தலைகீழாகச் சரிந்து தொங்கும். அனோபிலிஸ் குடம்பி மட்டும் நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும். பத்து வயதுப் பிள்ளையால் இதனைக் காண முடியும்.

மன்னாரிலே பாவனையில்லாத கிணறுகளை மூடினார்கள்; பாவனையில் உள்ளவற்றிலே குடம்பி தின்னும் கப்பி மீன்களை விட்டார்கள். மீன் கோடையில் சாகும். தண்ணீர் இறைக்கும்போது வாளியோடு வெளியே வரும். யாராவது ஒருவர் சில வாரங்களுக்கொரு முறை சென்று, நீண்ட கைபிடியுள்ள அகப்பையைக் கிணற்றிலே இறக்கி, எடுத்த தண்ணீரைக் குனிந்து பார்த்து, மீன் இருக்கின்றதா, குடம்பி இருக்கின்றதா என்று ஏட்டிலே எழுத வேண்டும். அந்த ஆளின் பதவி வெற்றிடமாக விடப்படுகின்றதா, நிரப்பப்படுகின்றதா என்பதை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலே நாம் வரி வரியாகத் தேடிப் பார்ப்போம்.